யுன்லான் தனியாக ஷிதாங் போகத் திட்டமிட்ட கதை

பட்டுப் போர்வைக் கடையில் இரண்டு மணி நேரம் அடைபட்டுக் கிடந்தபோதுதான் பெய் யுன்லானுக்கு அந்த எண்ணம் வந்தது.

அது போன வசந்த காலத்தில் நடந்தது. மஞ்சள் கொடி பிடித்த வழிகாட்டிப் பெண் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஷாங்காயிலிருந்து வந்த நாற்பது கிழடுகள். நடுவில் நான்கு விற்பனைப் பெண்கள் பட்டுப்பூச்சிக் கூட்டின் பஞ்சை மூலைக்கு ஒருத்தியாகப் பிடித்து இழுத்து இழுத்து, கட்டில் அகலத்துக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யுன்லான் இதை ஏற்கெனவே மூன்று தடவை பார்த்தாயிற்று. நான்கு வாய்க்கால் ஊர்களுக்கு நான்கு சுற்றுலா, நான்கிலும் இதே பஞ்சு. ஊருக்குள் நடக்க நாற்பது நிமிடம் கொடுத்திருந்தார்கள். அதில் இருபத்தைந்து நிமிடம் கழிப்பறை வரிசையில் போயிற்று.

திரும்பும் பேருந்தில் பக்கத்தில் இருந்த ஷென் சுய்தியைக் கேட்டாள். அதே குடியிருப்பில் மூன்றாம் மாடிக்காரி. இந்த மலிவுச் சுற்றுலாக்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவளும் அவள்தான்.

"சுய்தி, இன்னிக்கு நாம போன ஊர்ல தண்ணி இருந்துச்சா?"

"என்னக்கா கேள்வி இது? வாய்க்கால் ஊர்ல தண்ணி இல்லாமலா?"

"நீ பாத்தியா?"

"கழிப்பறைக்குப் போற வழியில ஒரு பாலம் ஏறினோமே. அதுக்குக் கீழ இருந்திருக்கும்."

யுன்லான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அப்படிப் பேசாமல் திரும்பிக்கொண்டால் ஏதோ வில்லங்கம் உருவாகிறது என்பது அவளோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவள் வேலை பார்த்தது நகரப் பேருந்தில். பத்தொன்பது வயதில் நடத்துநராகச் சேர்ந்து, இருபத்தாறு வருடம் ஒரே தடத்தில் ஓடினாள். இரண்டு பெட்டியை ரப்பர் மடிப்பால் ஒட்டிய நீள வண்டி. சைக்கிள் கூட்டத்தை விலக்க ஜன்னல் வழியே சின்னக் கொடியை நீட்டி ஆட்டுவாள், தகரத்தை உள்ளங்கையால் தட்டுவாள், நிறுத்தத்தின் பெயரை ஓட்டுநர் காது கிழியக் கத்துவாள். மரியாதையாகக் கேட்டவர்களுக்கு வீட்டு வாசல் வரை வழி சொல்வாள். மரியாதை இல்லாதவர்களுக்கும் வழி சொல்வாள், ஆனால் வேறு மாதிரி. ஒரு முறை ஓர் அலுவலகத் தலைவர், "ஏய் டிக்கெட்டு, பூங்கா எங்க?" என்று விரலைச் சொடுக்கினார். யுன்லான் இனிக்க இனிக்கச் சிரித்து, அவரைச் சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிவிட்டாள். மறுநாள் மனிதர் சண்டைக்கு வந்தார். "உள்ள மரமெல்லாம் வச்சிருக்காங்களே ஐயா, பாக்கலையா?" என்று கேட்டாள் இவள்.

நடத்துநர்களே வேண்டாம் என்று நிர்வாகம் பயணிகளே காசு போடப் பணப்பெட்டி வைத்ததும் வேலை போயிற்று. கொஞ்ச வருடம் ஒரு பல்பொருள் அங்காடியில் காய்கறிக்கு எடை போட்டாள். மகள் லிவென் கல்யாணம் ஆகி நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். இப்போது யுன்லானுக்கு அறுபத்திரண்டு. வீட்டில் அவளும் கணவன் காவ் ஆகென்னும் மட்டும்தான்.

ஆகென்னை எங்கும் கிளப்ப முடியாது. சட்டைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். சாவு வீடு என்றால் மட்டும் நகரத்தின் மறுகரைக்குப் போவார். ஷிதாங் என்ற வாய்க்கால் ஊரின் பேச்சை ஒரு தடவை மெல்ல எடுத்துப் பார்த்தாள் யுன்லான்.

"எல்லா வாய்க்கால் ஊரும் ஒண்ணுதான்," என்றார், கெண்டை மீனைத் திருப்பிப் போட்டபடி. "ஒரு வாய்க்கா, ஒரு பாலம், பாலத்துல நின்னு படம் பிடிக்கற கூட்டம். அதையெல்லாம் நான் போன்லயே பாத்துக்குவேன்."

"சரி கிழவா, பாத்துக்க," என்றாள் யுன்லான். உண்மையில் அவளுக்கு மகிழ்ச்சிதான். தனியாகப் போவதென்று அவள் முடிவு செய்தாயிற்று. கொடி கிடையாது, கடை கிடையாது, கணவனும் கிடையாது. ஒரு இரவு, இரண்டு பகல்.

திட்டத்தை நாட்காட்டித் தாளின் முதுகில் எழுதினாள். அதிவேக ரயிலில் ஜியாஷான் தெற்கு நிலையம் வரை, அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்து. பேருந்து எந்தப் பக்கம் நிற்கும், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, கடைசி வண்டி எப்போது என்று பேருந்து நிலையத்துக்கே போன் போட்டு விசாரித்தாள். எதிர்முனைப் பெண் அலுத்துப்போய், "நீங்க யாரு, புகார்ப் பிரிவா?" என்று கேட்டுவிட்டாள். சனி, ஞாயிறு கூடாது, செவ்வாய்தான் சரி. முதல் நாள் காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும். மதியம் தாமரை இலையில் பொதிந்து அவித்த பன்றிக்கறி. பிறகு தூக்கம். வெயில் இறங்கியதும் ஆற்றோரம் கூரை போட்ட நடைபாதையில் நடை. சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் போனபின் ஒரு கிண்ணம் மஞ்சள் ஒயின், ஒரு தட்டு வறுத்த நத்தை. இரண்டாம் நாள் என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. அதைத்தான் அவள் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

தங்குமிடத்துக்கும் போன் போட்டாள். விடுதி நடத்தும் யூ என்ற பெண் எடுத்தாள்.

"ஒத்தக் கட்டில் ரூம் இருக்கா தங்கச்சி?"

"இருக்குக்கா. ஆத்தைப் பாத்த ஜன்னல்."

"நல்லாத் தெரியுமா?"

"தலையை நீட்டினாத் தெரியும்."

"எவ்வளவு நீட்டணும்?"

"தோள் வரைக்கும்," என்றாள் யூ.

"தோள் வரைக்கும் நீட்டினா பாதி நான் ஆத்துல இருப்பேனே."

"அப்ப நல்லாவே தெரியும்க்கா."

யுன்லானுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அறையை உறுதி செய்தாள். நாட்காட்டித் தாளை நான்காக மடித்து அரிசி டப்பாவுக்குள் செருகி வைத்தாள்.

எல்லாம் கச்சிதமாகப் போய்க்கொண்டிருந்தபோது கட்டைவிரல் காலை வாரிவிட்டது. மகளுக்கு என்று நினைத்துப் போனில் குரலைப் பதிந்து அனுப்பினாள். "லிவென், அம்மா வர்ற செவ்வாய்க்கிழமை ஷிதாங் போறேன். நானே தனியா. அந்தச் சுய்தியோட ஆட்டு மந்தையில இல்ல. போர்வைக் கடைக்காரன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். உங்கப்பாகிட்ட இப்போதைக்குச் சொல்லாத." அனுப்பியபின் பார்த்தால், அது போனது மகளுக்கு அல்ல, குடியிருப்பின் குழுவுக்கு. நாற்பத்தாறு பேர் இருக்கிற குழு. ஆகென்னும் அதில் உண்டு, ஆனால் குரல் பதிவு எதையும் அவர் திறந்து கேட்பதில்லை. இரண்டு நிமிடத்துக்குள் என்றால் திரும்பப் பெறலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதலில் பேசியது சுய்தி. கோபித்துக்கொள்வாள் என்று யுன்லான் நினைத்தாள். சுய்தி அப்படிப்பட்ட ஆள் இல்லை. "யுன்லான் அக்கா தலைமையில் சொந்தப் பயணம்! போர்வைக் கடை இல்லை! வருகிறவர்கள் கீழே பெயர் சேர்க்கவும்" என்று எழுதி, முதல் பெயராகத் தன் பெயரையே போட்டாள். அடுத்தது, தரைத்தளத்து ஃபாங். பிறகு அவர் மனைவி, மனைவியின் தங்கை. யுன்லான் கண்ணெதிரே பட்டியல் நீண்டுகொண்டே போனது. மாலைக்குள் பதினொரு பெயர். ஒருவர், சக்கர நாற்காலிக்குச் சாய்வுப்பாதை உண்டா என்று கேட்டிருந்தார். இன்னொருவர், மாஜோங் ஆட்டம் ஆட மேசை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

மறுநாள் காலை மாடிப்படியில் சுய்தி பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கொடி என்ன நெறம் வைக்கலாம்?"

"கொடி எதுக்கு சுய்தி?"

"ஆட்டு மந்தைக்குக் கொடி வேணாமா?" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

யுன்லான் அன்று சாயங்காலம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, குழுவுக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் எழுதினாள்.

"அன்பான அண்டை வீட்டாருக்கு. காலை 4.10 எழுந்திருத்தல். 4.40 வாசலில் கூடுதல். தாமதமானவர்களுக்காகக் காத்திருக்க மாட்டோம். மதிய உணவு: வீட்டிலிருந்து கொண்டுவரும் வெறும் பன், நடந்துகொண்டே உண்ண வேண்டும். முற்பகல்: பொத்தான் அருங்காட்சியகம், மூன்று மணி நேரம். பிற்பகல்: கூரை ஓட்டு அருங்காட்சியகம், இரண்டு மணி நேரம். முடிவில் கேள்விகள் கேட்கப்படும். பிறகு இருபத்திரண்டு பாலங்கள், ஏறி இறங்கி, போக வர. மாஜோங் இல்லை. பேரம் பேச நேரம் இல்லை. உட்கார இடம் இருந்தால் சொல்லப்படும்."

பொத்தானுக்கும் ஓட்டுக்கும் ஷிதாங்கில் அருங்காட்சியகம் இருப்பதென்னவோ நிஜம்தான். மூன்று மணி நேரம்தான் அவள் கைச்சரக்கு.

முதலில் ஃபாங் எழுதினார், முழங்கால் வைத்தியர் பாலம் ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். மனைவிக்கு அந்த வாரம் பேரனைப் பார்த்துக்கொள்ளவேண்டும். மனைவியின் தங்கைக்கு ரத்த அழுத்தம். மாஜோங் கேட்டவர் காரணம்கூட எழுதவில்லை, கும்பிடும் கையை மட்டும் போட்டார். கடைசியாகச் சுய்தி. "அக்கா, ஓடுன்னா எனக்கு உயிரு. ஆனா செவ்வாய்க்கிழமை பல்லு புடுங்கணும்."

"பல்லு முக்கியம் சுய்தி," என்று பதில் போட்டுவிட்டு, யுன்லான் சோபாவில் சாய்ந்து காலை நீட்டினாள். அப்போதுதான் சமையலறையிலிருந்து ஆகென் வந்தார். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் போன்.

"பொத்தானுக்குன்னு ஒரு அருங்காட்சியகமா?"

"என்ன?"

"இதுல போட்டிருக்கியே. மூணு மணி நேரம்னு."

முப்பத்தொரு வருடம் ஆகென் பழுது பார்த்தது பொத்தான் தைக்கும் இயந்திரங்களைத்தான் என்பது அந்த நொடியில்தான் யுன்லானுக்கு உறைத்தது. கூட்டத்தை விரட்டுகிற அவசரத்தில் வீட்டுக்குள் இருந்த ஆளை மறந்துவிட்டாள்.

"அது சும்மா சின்ன எடம் கிழவா. நாலு பொட்டி, ரெண்டு பலகை. உனக்கு அலுத்துப்போயிரும்."

"மூணு மணி நேரம் பாக்கற எடம் சின்னதா இருக்குமா? சிப்பிப் பொத்தான் இருக்கும். கொம்புப் பொத்தான் இருக்கும். நாலு கண்ணுப் பொத்தானுக்கும் ரெண்டு கண்ணுப் பொத்தானுக்கும் நூல் எப்படி மாறுதுன்னு தெரிஞ்ச ஆளு இந்தக் கட்டடத்துல எவன் இருக்கான்? நான் வரேன்."

"காலையில நாலு பத்துக்கு எந்திரிக்கணும்."

"எந்திரிப்போம்."

"வெறும் பன்னுதான்."

"நானே அவிச்சு எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, கருகுகிற வாசனை வந்து உள்ளே ஓடினார்.

யுன்லான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நிரல் பொய் என்று சொன்னால், யாரை விரட்ட எழுதினாய் என்று கேட்பார். தனியாகப் போக நினைத்ததும் வெளியே வரும், அதுவும் குடியிருப்பே கேட்ட பிறகு அவருக்குக் கடைசியாக. ஒத்தக் கட்டிலை இரட்டைக் கட்டிலாக மாற்றச் சொல்லி யூவுக்குப் போன் போட்டாள். "கூட யாருக்கா?" என்று யூ கேட்டாள். "பொத்தான் தைக்கிறவன்," என்றாள் யுன்லான்.

செவ்வாய்க்கிழமை காலை நான்கு பத்துக்கு ஆகென் அவள் போர்வையை உருவினார். நாலு நாற்பதுக்கு வாசலில் நிறுத்தினார். வேறு யாரும் இல்லாத வாசலில், "வராதவங்களுக்குக் காத்திருக்க வேண்டாம்," என்று நிரலைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார். முதல் பேருந்துக்காக நின்றார்கள், முதல் ரயிலுக்காக நின்றார்கள். ஷிதாங்கில் இறங்கியபோது கடைக்காரர்கள் பலகைக் கதவுகளைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அருங்காட்சியகம் திறக்கும்வரை வாசற்படியில் உட்காரலாம் என்று யுன்லான் சொன்னாள்.

"உட்கார எடம் இருந்தா சொல்லப்படும்னு எழுதியிருக்கே. யாரும் சொல்லலையே," என்றார் ஆகென்.

பொத்தான் அருங்காட்சியகத்துக்குள் அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நுழைந்தார். பொத்தான் வெட்டி எடுத்ததில் வட்டம் வட்டமாக ஓட்டை விழுந்த சிப்பியின் முன்னால் பதினைந்து நிமிடம் நின்றார். துணியை முடிச்சுப் போட்டுச் செய்கிற பழைய கால வண்ணத்துப்பூச்சிப் பொத்தான்களைக் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தார். அங்கே இருந்த பணிப்பெண்ணிடம் எதையோ விளக்க ஆரம்பித்தார். அவள் முதலில் மரியாதைக்குத் தலையாட்டினாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் இத்தனை வார்த்தை பேசி யுன்லான் பார்த்ததில்லை. முதல் ஒரு மணி நேரம் அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது மணியில் கால் மாற்றி நின்றாள். மூன்றாவது மணியில் உலகத்திலுள்ள எல்லாச் சட்டைகளுக்கும் நாடா போதும் என்று முடிவுக்கு வந்தாள்.

மதியம் ஆற்றோரம் நடந்துகொண்டே ஆறிப்போன பன்னைத் தின்றார்கள். ஒவ்வொரு கடை வாசலிலும் தாமரை இலைப் பொதிகள் ஆவி பறந்தன. யுன்லான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆகென் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஓடுகள். சிங்க முகம் பதித்த ஓடு, பூப் பதித்த ஓடு, எழுத்துப் பதித்த ஓடு. அதற்குப்பின் பாலங்கள். எட்டாவது பாலத்தில் மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, அப்பா போனை யாராவது திருடிட்டாங்களா?"

"ஏன் லிவென்?"

"இன்னிக்கு இருபத்தோராயிரம் எட்டு நடந்திருக்கறதா காட்டுது. யாரு எவ்வளவு நடந்தாங்கன்னு போன்ல வர்ற நண்பர்கள் பட்டியல்ல அப்பாதான் முதல்ல இருக்காரு. அந்த மனுஷன் குப்பை கொட்டவே லிஃப்ட்டுல போறவராச்சே!"

"திருடன் இங்கதான் இருக்கான். பன்னு திங்கறான்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பன்னிரண்டாவது பாலத்தின் உச்சிப் படியில் யுன்லான் தொப்பென்று உட்கார்ந்தாள். ஆகென் சட்டைப் பையிலிருந்து நிரலை எடுத்தார். குழுவில் வந்ததைக் கைப்பட எழுதி வைத்திருந்தார். "இன்னும் பத்து இருக்கு. அப்புறம் எல்லாத்தையும் திரும்பவும்."

"போதும் கிழவா."

"கேள்வி வேற கேக்கணும்னு போட்டிருக்கே. ரெண்டாவது அலமாரியில இருந்தது என்ன பொத்தான்?"

"எல்லாம் பொய்யி!" என்று கத்தினாள் யுன்லான். பழைய நடத்துநர்க் குரல். கீழே போன படகில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அந்தக் கூட்டத்தை விரட்ட எழுதின பொய்யி! பாலமும் பொய்யி, பன்னும் பொய்யி, நாலு பத்தும் பொய்யி! நான் தனியா வந்து நிம்மதியாத் தின்னுட்டுத் தூங்கலாம்னு இருந்தேன். போதுமா?"

ஆகென் அவளுக்குப் பக்கத்தில் மெதுவாக, ஒரு கையை முழங்காலில் ஊன்றி, முனகிக்கொண்டே உட்கார்ந்தார். பிறகு இன்னொரு பையில் கைவிட்டு நான்காக மடித்த நாட்காட்டித் தாளை எடுத்தார். மடிப்புக்குள்ளிருந்து இரண்டு அரிசி உதிர்ந்தது.

"இதுல தாமரை இலைக் கறின்னு ஒண்ணு எழுதியிருக்கே. அதை எப்பத் திங்கலாம்னு காலையில இருந்து நானும் காத்துக்கிட்டிருக்கேன்."

யுன்லான் அவரையே பார்த்தாள்.

"இந்த வீட்டுல சோறு வடிக்கறது யாருடி? அரிசி டப்பாவுல ஒளிச்சு வச்சா யாரு கண்ணுல படும்?"

"அப்ப எல்லாம் தெரிஞ்சேதான்..."

"தெரிஞ்சேதான்."

"உனக்குக் கால் வலிக்கலையா?"

"உயிரே போகுது. மூணாவது பாலத்துலயே போயிருச்சு. நீ முதல்ல வாயைத் தொறக்கட்டும்னு பாத்தேன். இத்தனை பாலம் தாங்குவன்னு நினைக்கல."

அவள் கையில் மிச்சமிருந்த அரைப் பன்னை அவர்மேல் எறிந்தாள். அது அவர் தோளில் பட்டு ஆற்றில் விழுந்தது. இரண்டு வாத்துகள் அதற்குச் சண்டை போட்டன. இவர்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துப் பக்கவாட்டில் நண்டுபோலப் படி இறங்கி, முதல் கடையில் நுழைந்து, ஆளுக்கு இரண்டு பொதி கறி தின்றார்கள். இரண்டாவது பொதியைப் பிரிக்கும்போது ஆகென், "தனியா வரணும்னா சொல்லிட்டு வர வேண்டியதுதானே?" என்றார். "சொல்லிட்டு வந்தா என்ன சுவாரசியம் இருக்கு?" என்றாள் யுன்லான். அவர் அதை யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார். ஐந்து மணிக்கு விடுதிக்குப் போய், ஆற்றைப் பார்த்த ஜன்னலைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் படுத்துத் தூங்கிவிட்டார்கள்.

மறுநாள், தாளில் ஒன்றும் எழுதாத நாள். காலையில் வெளியூர்க் கூட்டம் வருவதற்கு முன்பு, ஊர்ப் பெண்கள் படித்துறையில் துடைப்பத் துணியை அலசிக்கொண்டிருந்தார்கள். யுன்லானும் ஆகென்னும் சோயாப் பாலும் வறுத்த மாவுக் குச்சியும் வாங்கிக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்தார்கள். ஆகென் செருப்பைக் கழற்றி, வீங்கிய காலைத் தண்ணீரில் விட்டார். "ஆகா," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது வலதுகால் செருப்பு பாதி ஆறு தாண்டியிருந்தது.

"ஏ கிழவி! புடி, புடி!"

"நான் என்ன வாத்தா?"

படகுக்காரி ஒருத்தி கழியை நீட்டிச் செருப்பைத் தொட்டாள். தொட்டதும் அது ஒரு சுற்றுச் சுற்றி, மரியாதையாகத் தலை வணங்குவதுபோல் மூழ்கிவிட்டது. "ஐயா, அந்த ஒண்ணையும் போட்டுருங்க. ஜோடியாப் போகட்டும்," என்றாள் படகுக்காரி. படித்துறைப் பெண்கள் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அவ்வளவு காலையில் செருப்புக்கடை எதுவும் திறக்கவில்லை. விடுதிக்கார யூ தன் வீட்டுச் செருப்பைக் கொடுத்தாள். இளஞ்சிவப்பு நிறம், மேலே முயல் காது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கடை திறந்துவிடும் என்று அவள் சொன்னாள். ஆனால் திறந்த பிறகும் ஆகென் வாங்கவில்லை. இது நன்றாகத்தான் இருக்கிறது, மெத்தென்று இருக்கிறது, வீங்கின காலுக்கு இடமும் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பணம் கொடுத்து அதையே யூவிடம் வாங்கிக்கொண்டார். முயல் காது ஆட ஆட, கல் பாவிய சந்துகளில் மதியம்வரை அவளோடு சுற்றினார். எந்தச் சந்து எங்கே போகிறது என்று இருவரும் யாரையும் கேட்கவில்லை. இரண்டு முறை ஒரே வீட்டுக் கொல்லைக்குள் போய் நின்றார்கள். இரண்டாவது முறை அந்த வீட்டுக்காரர் டீ கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் எதிரே அலுவலகப் பை வைத்த ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் கீழே பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள், மறுபடி கீழே பார்த்தாள். யுன்லான் தன் காலால் ஆகென்னின் காலை இருக்கைக்கு அடியில் தள்ளப் பார்த்தாள். ஆகென் விடவில்லை. இரண்டு காலையும் நன்றாக முன்னால் நீட்டி, ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டு, "இதுக்குக் காது ரெண்டும் கையால தச்சது தெரியுமா? மிஷின் தையல் இல்ல," என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல ஆரம்பித்தார்.